பன்னிரண்டாவது கேள்வி

ஆலங்காவிளை
3 மார்ச் 2024

அன்புத் தங்கச்சி ஜினிக்கு,

அக்கா எழுதுகிறேன். கர்த்தர் கிருபையில் நானும் உன் அத்தானும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம். மகன் டெனிஷ் கோயம்புத்தூர் ஹாஸ்டல் சாப்பாட்டில் மெலிந்திருக்கிறான். அந்தப் பின்லாந்துக் குளிரில் உன் மூச்சிரைப்பு எப்படி இருக்கிறது? மருந்தை விடாதே.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். என் போன் உன் அத்தானின் சட்டைப்பையில் இருக்கிறது. நான் ஊராட்சித் தலைவரான நாளிலிருந்து, நாலு வருஷமாக அங்கேதான். தலைவருக்கு வரும் போனைத் தலைவர் எடுக்க வேண்டாமா என்று நீ கேட்கலாம். நான் கேட்டதில்லை.

உன் ஆராய்ச்சிக்காகப் பெண் தலைவர்களுக்கு நீ அனுப்பிய கேள்வித்தாள் போன வாரம் அந்தப் போனில்தான் வந்தது. உனக்குப் பதிலும் வந்திருக்கும். "அக்கா, இவ்வளவு சீக்கிரம் நிரப்பிவிட்டாயே, நன்றி" என்று நீ அனுப்பிய செய்தியையும் அவர்தான் எனக்கு வாசித்துக் காட்டினார்.

ஜினி, அதை நிரப்பியது நான் இல்லை. நான் சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தேன். அவர் அடுக்களை வாசலில் நாற்காலி போட்டு, கட்டஞ்சாயா குடித்தபடி ஒவ்வொன்றாகத் தட்டினார். முப்பது கேள்விக்குப் பதினைந்து நிமிஷம் ஆகவில்லை. பன்னிரண்டாவது கேள்வியை மட்டும் சத்தமாக வாசித்தார்: ஊராட்சி முடிவுகளை நீங்களே சுயமாக எடுக்கிறீர்களா?

"ஏட்டி, முடிவெல்லாம் நீதானே எடுக்குத?" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். அவர் 'எப்போதும்' என்று தட்டிவிட்டார்.

நீ படித்தவள். பொய்யான தாளை வைத்து நீ ஏதாவது எழுதி, பிறகு யாராவது உன்னைக் குறை சொல்லக் கூடாது. அதற்காகத்தான் இது. பதில் போட்டால் வீட்டு விலாசத்துக்குப் போடாதே. திங்கள்நகரில் தையல்கடை வைத்திருக்கும் செல்லபாய் அக்காவின் விலாசத்தைக் கீழே எழுதியிருக்கிறேன். சேலைக்கு ஜம்பர் தைக்கக் கொடுக்கும் சாக்கில் போய் வாங்கிக்கொள்வேன்.

உன் அக்கா
ரெஜிலா


துர்க்கு, பின்லாந்து
29 மார்ச் 2024

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் நேற்றுதான் வந்தது. எனக்கு உடம்பு பரவாயில்லை. ஏப்ரல் நெருங்கியும் இங்கே பனி உருகவில்லை. உனக்கு முழங்கால் வலி குறைந்ததா?

இரண்டு தடவை வாசித்தேன். என்ன எழுதுவதென்று தெரியவில்லை. எங்கள் வேலை என்னவென்று உனக்கு நான் ஒழுங்காகச் சொன்னதே இல்லை. நேபாளம், உகாண்டா, பொலிவியா, நம் தென்மாவட்டங்கள் ஆகிய நாலு இடங்களில் இடஒதுக்கீட்டில் பதவிக்கு வந்த பெண்களை ஒப்பிடுகிறோம். தேர்தலில் ஜெயித்த பிறகு அதிகாரம் உண்மையில் அவர்கள் கைக்கு வருகிறதா, எந்த நாட்டில் எவ்வளவு வருகிறது என்பதுதான் கேள்வி. உலகத்திலேயே முதன்முதலாகப் பெண்கள் பாராளுமன்றத்துக்குப் போனது இந்த நாட்டில்தான். அதனால் இங்கே இந்த ஆராய்ச்சிக்குப் பெரிய மதிப்பு.

நம் ஊர்ப் பகுதிக்கு நான்தான் பொறுப்பு. நானூற்றுப் பன்னிரண்டு தலைவர்களின் போன் எண்ணுக்கு அனுப்பினேன். மூன்றே நாளில் முந்நூற்று எழுபத்தொன்று திரும்பி வந்துவிட்டன. மற்ற நாட்டுக்காரர்கள் என்னைப் பொறாமையாகப் பார்த்தார்கள்.

தாள் விஷயத்தைப் பேராசிரியரிடம் பேசுகிறேன். நீ ஒன்று செய். உன் அலுவலகத்தில் உண்மையில் என்ன நடக்கிறதென்று எனக்கு எழுது. நிதானமாக எழுது. உன் பெயர் எங்கும் வராது.

அத்தானை நான் விசாரித்ததாக... வேண்டாம், சொல்லாதே.

அன்புடன்
ஜினி


ஆலங்காவிளை
27 ஏப்ரல் 2024

அன்பு ஜினிக்கு,

சுகமா? இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. படி ஏறினால் தெரிகிறது.

நீ கேட்டபடி எழுதுகிறேன். அலுவலகத்தில் எனக்கு ஒரு சுழல் நாற்காலி இருக்கிறது. நான் போனால் எல்லோரும் எழுந்து "வாங்க தலைவரம்மா" என்பார்கள். உன் அத்தான் வந்தால் "தலைவரே" என்பார்கள். வித்தியாசம் அவ்வளவுதான். முத்திரை அவர் பையில் இருக்கும். மனு கொண்டு வருகிறவர்கள் என் மேஜையில் தாளை வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்துப் பேசுவார்கள். செயலர் குமாரதாஸ் நல்ல மனுஷன்தான். ஆனால் நான் ஏதாவது சொன்னால், "அண்ணன்ட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடலாமா?" என்பார். கிராமசபைக் கூட்டம் முடிந்ததும் தீர்மானப் புத்தகத்தில் நாலைந்து வெற்றுப் பக்கங்களைப் புரட்டிக் காட்டுவார். கையெழுத்துப் போடுவேன். எழுத்து பிறகு வரும்.

என்னை யாரும் அடித்து மிரட்டவில்லை. அவர் இரண்டு முறை தேர்தலில் நின்று தோற்றவர். மூன்றாம் முறை வார்டெல்லாம் நடந்து ஓட்டுச் சேர்த்து வைத்திருந்த நேரத்தில் பதவி பெண்களுக்கென்று அறிவித்துவிட்டார்கள். அன்று அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு நான்தான் மனு தாக்கல் செய்தேன். போஸ்டரில் என் படம் சிறியது, அவர் கும்பிடும் படம் பெரியது. நீ பார்த்திருக்கிறாய்.

இன்னொன்று. மார்ச்சில் நாகர்கோவிலில் எங்களுக்கு ஒரு நாள் பயிற்சி நடந்தது. மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் பதினோரு பெண் தலைவர்கள் சேர்ந்து உட்கார்ந்தோம். கணவர்களெல்லாம் வெளியே வேப்பமரத்தடியில் நின்றார்கள். உன் கேள்வித்தாளைப் பற்றிச் சும்மா பேச்சுக் கொடுத்தேன். ஒன்பது பேர் அப்படி ஒன்றைப் பார்க்கவே இல்லை என்றார்கள். ஆனால் பத்துப் பேர் வீட்டிலிருந்து பதில் போயிருக்கிறது, கணவர்கள் பேசிக்கொண்டதில் தெரிந்தது. முட்டம் பக்கத்துப் பெண் ஒருத்தி, "அதுல நான் என்ன சொல்லியிருக்கேன்னு உங்க தங்கச்சிட்ட கேட்டுச் சொல்லுவியளா அக்கா?" என்றாள். எல்லோரும் சிரித்தோம். பாயசம் வந்தது, குடித்தோம்.

பேராசிரியரிடம் பேசினாயா?

உன் அக்கா
ரெஜிலா


துர்க்கு
9 ஜூன் 2024

அன்புள்ள அக்கா,

நலமா? நான் நலம். பதில் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். இப்போது இங்கே இரவு பத்தரை மணிக்கும் வெளிச்சம் போவதில்லை. தூக்கம் பிடிப்பதில்லை. அறிக்கை முடிக்க வேண்டிய நாள் நெருங்குகிறது. நாள் முழுக்க அட்டவணைகள்தான்.

டெனிஷுக்குப் பரீட்சை முடிந்ததா? ஊரில் மழை தொடங்கிவிட்டதா? நீ நன்றாக எழுதுகிறாய் அக்கா. இன்னும் எழுது.

அன்புடன்
ஜினி


ஆலங்காவிளை
2 ஜூலை 2024

அன்பு ஜினி,

சுகம். சுகமறிய ஆவல். நல்ல மழை. பால் வெட்ட ரப்பர் மரத்தில் யாரும் கத்தி வைக்கவில்லை.

ஒன்பது பேரைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை. வேலைப் பளு என்று நினைத்துக்கொள்கிறேன்.

இங்கே ஒரு காரியம் நடந்திருக்கிறது. எங்கள் ஊராட்சியில் பாறையடி என்று ஒரு கோடி இருக்கிறது. நாற்பது வீடுகள், எல்லாம் கூலி வேலைக்காரர்கள். அங்கே அங்கன்வாடி கட்டித் தருவதாக ஓட்டுக் கேட்டபோது நானே சொன்னேன். இசக்கி என்ற பெண் என் கையைப் பிடித்து, "சொன்ன வாக்கு மாறாண்டாம் அக்கா" என்றாள். அவளுக்கு இரண்டு குழந்தைகள்.

போன வாரம் அவள் அலுவலகத்துக்கு வந்தாள். "அங்கன்வாடி மெயின் ரோட்டுக்கு அந்தப்பக்கம் வருதாமே, நெசமா?" என்றாள். அப்படியெல்லாம் இல்லை என்று அடித்துச் சொன்னேன். அவள் போன பிறகு தீர்மானப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். ஜனவரி 26 கிராமசபை. ரோட்டுக்கு அப்புறம், உன் அத்தானின் அண்ணன் இடத்தை ஒட்டிக் கட்டுவதாகத் தீர்மானம். கட்டடத்தோடு ஒரு பாதையும் வரும். அந்தப் பாதை யார் இடத்துக்குப் போகுமென்று சொல்ல வேண்டியதில்லை. அடியில் என் கையெழுத்து, அழகாக, பள்ளிக்கூடத்தில் போர்டில் எழுதுவது மாதிரி.

அவரிடம் கேட்டேன். "நீ எதுக்கு அதயெல்லாம் போட்டு ஒழப்புத?" என்றார். கோபமாகக்கூட இல்லை. பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு தன் சிமெண்டுக் கடைக்குப் போய்விட்டார்.

எனக்கு அலுப்பாக இருக்கிறது ஜினி. உடம்பு அலுப்பு இல்லை. நீ அங்கே இருந்து ஏதாவது சொல்.

அக்கா
ரெஜிலா


ஆலங்காவிளை
18 ஆகஸ்ட் 2024

அன்பு ஜினி,

நல்லா இருக்கிறாயா? செல்லபாய் அக்கா கடைக்கு நாலு தடவை போய்விட்டேன். உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. தைப்பதற்குத் துணியும் தீர்ந்துவிட்டது.

ஆகஸ்ட் 15 கிராமசபையில் நடந்ததை யாரிடமாவது சொல்ல வேண்டும். பள்ளிக்கூட ஹாலில் கூட்டம். வழக்கத்தைவிட ஆள் அதிகம், பாறையடிப் பெண்கள் முழுக்க வந்திருந்தார்கள். குமாரதாஸ் முந்திய தீர்மானங்களை வாசித்தார். அங்கன்வாடி என்றதும் இசக்கி எழுந்தாள்.

"எங்க பிள்ளைய அந்த ரோட்ட எப்பிடிக் கடக்கும்? போன மாசம் ஆட்ட லாரி அடிச்சிற்று."

உன் அத்தான் ஜன்னலோரம் நின்றார். "எல்லாம் பாத்துதான் முடிவு செஞ்சாச்சு. நீ இரி."

"நான் உங்கள்ட்ட கேக்கல்ல அண்ணே. தலைவரம்மாட்ட கேக்கேன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வழக்கம்போல "ஆவன செய்யப்படும்" என்று சொல்லத்தான் எழுந்தேன். ஆனால் வாயில் வந்தது வேறு.

"அந்தத் தீர்மானம் நான் எழுதினது இல்ல. நான் கையெழுத்துப் போடும்போ அந்தப் பக்கம் வெறும் பக்கமாட்டு இருந்து."

உன் அத்தான் சிரித்தார். "அவளுக்கு பிரஷர் கூடியிருக்கு, வேற ஒண்ணும் இல்ல." சிலர் கூடச் சிரித்தார்கள். இசக்கி சிரிக்கவில்லை.

"பாறையடியிலதான் கட்டணும்னு எழுதுங்க" என்றேன் குமாரதாஸிடம். அவர் பேனாவைத் திறந்தார், ஜன்னலைப் பார்த்தார், பேனாவை மூடினார். நான் புத்தகத்தை இழுத்து நானே எழுதினேன். சம்மதிக்கிறவர்கள் கை தூக்குங்கள் என்றேன். பாறையடி முழுக்கத் தூக்கியது. அவர்களைப் பார்த்து வேறு சிலரும் தூக்கினார்கள். எண்ணினேன், பாதிக்கு மேல். எழுதிய பிறகு அடியில் கையெழுத்துப் போட்டேன். நின்றபடியே போட்டதால் எழுத்துக் கோணிவிட்டது.

வீட்டுக்கு வந்து மரச்சீனிக் கிழங்கு அவித்தேன். அவர் சாப்பிடவில்லை. இன்றோடு மூன்று நாள், ஒரு வார்த்தை இல்லை.

அக்கா


துர்க்கு
14 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்கா,

உடம்பைப் பார்த்துக்கொள். உன் இரண்டு கடிதங்களும் என்னிடம் இருக்கின்றன. ஆகஸ்ட் கடிதத்தைப் படித்து அழுதேன். நான் பெருமைப்படுகிறேன் என்று எழுத நினைத்தேன். அந்த வார்த்தையை எழுத எனக்குத் தகுதி இருப்பதாகத் தோன்றவில்லை.

அறிக்கை அச்சுக்குப் போய்விட்டது. களைப்பாக இருக்கிறது. விரைவில் நீளமாக எழுதுகிறேன்.

ஜினி


ஆலங்காவிளை
10 நவம்பர் 2024

ஜினிக்கு,

சுகம்தானே? நாங்கள் உயிரோடு இருக்கிறோம்.

உன் அத்தான் என் போனை மேஜையில் வைத்துவிட்டார். "இந்தா, ஒனக்க போனு. நீயே வச்சுக்க." ஆனால் அது அடிப்பதில்லை. ஊர்க்காரர்கள் எல்லோரிடமும் அவருடைய இன்னொரு நம்பர் இருக்கிறது. என் போனில் உன்னிடம் பேசலாம்தான். பேசினால் நீ மழை, வெயில் என்று போய்விடுவாய். எழுதினால் பதிலுக்கு நீ ஓர் இடத்தில் உட்கார வேண்டும்.

அங்கன்வாடி நின்றுவிட்டது. ஒரே கட்டடத்துக்கு இரண்டு தீர்மானங்கள் இருப்பதால் யூனியன் ஆபீசில் கோப்பைத் தனியே எடுத்து வைத்திருக்கிறார்கள். ரோட்டுக்கு அந்தப் பக்கமும் இல்லை, பாறையடியிலும் இல்லை. ஜனவரி 5இல் எங்கள் பதவிக்காலம் முடிகிறது. அடுத்த தேர்தல் எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை.

எழுத வந்தது இதுவல்ல. நேற்று சாயங்காலம் உன் அத்தான் பேப்பரோடு வந்தார். மூன்று மாதத்தில் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"பாத்தியா, ஒனக்க தங்கச்சி எழுதியிருக்கா. நாலு நாட்டுல நம்ம பொம்பளையதான் ஃபஸ்ட்டு. சொந்தமாட்டு முடிவெடுக்கதுல!"

வாங்கிப் பார்த்தேன். நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று பேர் 'எப்போதும்' என்று சொல்லியிருக்கிறார்களாம். உகாண்டாவும் நேபாளமும் நமக்குப் பின்னால். உன் பெயர் இருக்கிறது. அவர் அதை வெட்டிக் கடைச் சுவரில் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார். சிமெண்டு வாங்க வருகிறவர்களிடம் வாசித்துக் காட்டுகிறார்.

எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். மார்ச்சில் நான் எழுதிய கடிதத்தைப் பேராசிரியரிடம் காட்டினாயா?

ரெஜிலா


துர்க்கு
5 டிசம்பர் 2024

அன்புள்ள அக்கா,

நீ சுகமாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு எதையும் விசாரிக்க எனக்கு முகம் இல்லை.

காட்டவில்லை.

உன் முதல் கடிதம் வந்த அதே வாரம் எங்கள் கூட்டத்தில் அந்த அட்டவணையைத் திரையில் போட்டார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். இந்த ஊருக்கு வந்த நாலு வருஷத்தில் என் முழுப் பெயரையும் ஒருவர் பிழையில்லாமல் உச்சரித்தது அன்றுதான். நேபாளத்தில் வேலை செய்தவர்கள் மலை ஏறி, வீடு வீடாகப் போய், கணவரை வெளியே அனுப்பிவிட்டுப் பெண்ணோடு தனியே உட்கார்ந்து கேட்டார்கள். பொலிவியாவிலும் உகாண்டாவிலும் அப்படியே. நான் மட்டும்தான் போனில் அனுப்பினேன். நம் ஊரை எனக்குத் தெரியும், அங்கே எல்லோரிடமும் போன் இருக்கிறது என்று கூட்டத்தில் நானே சொன்னேன். மூன்று நாளில் பதில் வந்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஊராட்சித் தலைவி ஒருத்திக்கு மூன்று நாளில் பதினைந்து நிமிஷம் சும்மா கிடைக்குமா?

பதினோரு பேரில் ஒன்பது பேர் என்று நீ எழுதியதும் மொத்தத்துக்கும் கணக்குப் பார்த்தேன். பார்த்த தாளைக் கிழித்துப் போட்டேன். பிறகு உனக்கு வெளிச்சத்தைப் பற்றி எழுதினேன். ஜூலையில் நீ ஏதாவது சொல் என்று கேட்டாய். சொல்ல என்னிடம் இருந்தது அந்தக் கணக்கு ஒன்றுதான், அதனால் எழுதவே இல்லை.

உன் நவம்பர் கடிதம் வந்த மறுநாள் பேராசிரியரின் அறைக்குப் போனேன். எல்லாம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "மார்ச்சிலேயே சொல்லியிருக்கலாமே" என்றார். நம் பகுதி முழுவதையும் அறிக்கையிலிருந்து எடுத்துவிட்டார்கள். மூன்று நாடுகளின் ஒப்பீடு என்று தலைப்பை மாற்றுகிறார்கள். அந்தப் பத்திரிகைக்கும் திருத்தம் அனுப்பினேன். போடுவார்களா தெரியாது. என் வேலை பிப்ரவரியோடு முடிகிறது.

இப்போது இங்கே மூன்றரை மணிக்கே இருட்டிவிடுகிறது அக்கா.

ஜினி


ஆலங்காவிளை
10 ஜனவரி 2025

அன்புத் தங்கச்சிக்கு,

கிறிஸ்மஸ் எப்படிப் போயிற்று? தனியாக இருந்தாயா? டெனிஷ் வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போனான். அவன் இருக்கும்வரை உன் அத்தான் சாப்பாட்டு மேஜையில் பேசினார்.

உன்னைத் திட்டத்தான் பேனா எடுத்தேன். முடியவில்லை. நாலரை வருஷம் வெறும் பக்கத்தில் கையெழுத்துப் போட்டவள் நான். நீ எட்டு மாதம். ஆனால் உன் கடிதம் வராத நாட்களில் எனக்கு எப்படி இருந்ததென்று மட்டும் தெரிந்துகொள். கை தூக்கி நிற்கும்போது பக்கத்தில் தெரிந்தவர்கள் யாரும் இல்லாதது மாதிரி இருந்தது. இனி அதைப் பேச வேண்டாம்.

பத்திரிகையில் திருத்தம் வந்தது, நாலே வரி. உன் அத்தான் பார்த்தாரா தெரியாது. சுவரில் பழையது அப்படியே இருக்கிறது.

ஊருக்கு வா. சும்மா இருக்க வேண்டாம். அந்தப் பதினோரு பேரில் ஏழு பேரின் வீடு எனக்குத் தெரியும். பஸ்ஸில் போய் வரலாம். பேசுவார்களா என்று சொல்ல முடியாது. நீ நேரில் போய் உட்கார்ந்து கேள்.

திங்கட்கிழமை பொறுப்பைத் தனி அலுவலரிடம் ஒப்படைத்தேன். குமாரதாஸ் ஒரு பொன்னாடை போர்த்தினார். உன் அத்தானின் போன் அன்று மத்தியானத்தோடு ஓய்ந்துவிட்டது. நாலு நாளாக அதை எடுத்து எடுத்துப் பார்க்கிறார். பார்க்கப் பாவமாகத்தான் இருக்கிறது.

நேற்று காலை இசக்கி வீட்டுக்கு வந்தாள். அவர்தான் வாசலில் இருந்தார்.

"பதவியெல்லாம் முடிஞ்சு போச்சு, இனி இங்க வந்து ஒண்ணும் ஆவாது" என்றார்.

"தெரியும் அண்ணே. அக்காவக் கூட்டிட்டுப் போவத்தான் வந்தேன்."

அங்கன்வாடிக் கோப்பைத் தேடி யூனியன் ஆபீசுக்குப் போவதாகச் சொன்னாள். தனியாகப் போனால் உள்ளே விடமாட்டார்களாம். நான் போனாலும் விடமாட்டார்கள், இனி நான் யாரும் இல்லை என்றேன். "வாங்க, ரெண்டுவேராட்டு வெளிய நிப்போம்" என்றாள். சேலை மாற்றிக்கொண்டு கிளம்பினேன். அவர் தடுக்கவில்லை, எங்கே என்றும் கேட்கவில்லை.

பத்து மணியிலிருந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அதிகாரி மூன்றரைக்கு வந்தார். கோப்பைத் தேட வேண்டும், திங்கட்கிழமை வாருங்கள் என்றார். அதற்கும் வாசலில் இருந்த நோட்டில் பதிய வேண்டுமாம். இசக்கி தன் பெயரை எழுதினாள். பெயர், ஊர், வந்த காரியம், எல்லாம் நிறுத்தி நிறுத்தி எழுதினாள். அடுத்த வரி எனக்கு. பெயர் எழுதினேன். பக்கத்தில் பதவி என்று ஒரு கட்டம் இருந்தது. பேனாவை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள்.

"கூட வந்தவங்கன்னு எழுதுங்க அக்கா" என்றாள் இசக்கி.

அப்படியே எழுதிவிட்டு வந்தேன்.

டிக்கெட் எடுத்ததும் தேதியை எழுது. மூச்சிரைப்புக்கு ஆவி பிடி.

உன் அக்கா
ரெஜிலா